பாலை விறகும் பங்கிறைச்சியும்

வன்னியில், முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விறகில் தரம் பிரிக்கத் தெரியும். எந்த மரம் சடசடவென்று எரிந்து உடனே அவியும், எது புகைந்து கண்ணைக் கரிக்கும், எது தணலாகி நெடுநேரம் நிற்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்க முன்னரே எங்களுக்குப் பழக்கம். சோறு காய்ச்ச எந்தச் சுள்ளியும் போதும். இறைச்சி சுடுவதென்றால் பாலை விறகு வேண்டும். பாலை கிடைக்காவிட்டால் வீரை. முதிரையையும் கருங்காலியையும் அடுப்பில் வைக்க எவருக்கும் மனம் வராது. முதிரை கதவுக்கும் நிலைக்கும், கருங்காலி உலக்கைக்கும் என்று ஒதுக்கப்பட்டவை.

பாலை கனத்த மரம். தண்ணீரில் போட்டால் தாழும். தீப்பிடிக்கச் சுணங்கும், பிடித்துவிட்டால் புகை குறைவு, தணல் உறுதி. பச்சைப் பாலையை எங்கள் அப்பு தறிக்க விடமாட்டார். ஆனி, ஆடியில் பழம் சொரிகிற மரம் அது. மனிதரும் கரடியும் குரங்கும் பறவையும் அந்தப் பழத்தை நம்பியிருந்த காலம். பட்டுப்போன மரத்தையும் காற்றுக்கு முறிந்த கொப்பையும் மட்டும் வண்டிலில் ஏற்றி வந்து, வளவின் மூலையில் அடுக்கி, மேலே கிடுகு போட்டு மூடி வைப்பார். அந்த அடுக்கிலிருந்து அவர் விறகு இழுக்கிறார் என்றால் அன்றைக்குச் சுட்ட சாப்பாடு. நாங்கள் படலைக்கும் கொட்டிலுக்கும் இடையில் ஓடத் தொடங்கிவிடுவோம்.

இறைச்சியையும் மரக்கறியையும் தடியில் கோத்துத் தணலில் வாட்டி, வளவு நிறையச் சனமாக இருந்து தின்ற அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்குப் பல காலமாக ஆசை. சமையல் குறிப்பாக எழுதினால் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். அந்தத் தணலைச் சுற்றி இருந்தவர்களையும் சேர்த்து எழுதினால்தான் அந்த உருசி வரும்.

முத்தையன்கட்டுக் குளம் பேராற்றை மறித்துக் கட்டப்பட்டது. அம்மாவின் ஆட்கள் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய குடிகள். தான்தோன்றீசுவரர் கோயிலுக்கு நேர்ந்து, வயலும் காடும் மாடுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றிய திட்டங்கள் நடந்தன. உத்தியோகம் கிடைக்காத பெடியள் மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கினார்கள். 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் தடுத்தபோது அந்தப் பெடியளின் தோட்டங்கள் பொன் விளையும் தோட்டங்களாயின. செத்தல் மிளகாய்ச் சாக்கோடு லொறிகள் மாங்குளம் சந்தி நோக்கிப் போனதை அப்பா கடைசிவரை பெருமையோடு சொல்லுவார். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை விழுந்தது. ஆனாலும் தோட்டம் நின்றது. எங்கள் சிறுபிராயத்தில் கத்தரி, வெண்டி, கறிமிளகாய், பூசணி, தக்காளி, சின்ன வெங்காயம் எதற்கும் கடைக்குப் போனதில்லை.

இந்த இரண்டு வழியும் அந்தத் தணலில் சேர்ந்தன. இறைச்சி வாட்டுகிற கைப்பழக்கம் அம்மாவின் காட்டு ஆட்களுடையது. மரக்கறி அப்பாவின் தோட்டத்தினுடையது.

சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள்தான் பெரும்பாலும் சுடுகிற நாள். வருசத்தன்று கோயில், கைவிசேடம், பாயாசம், மரக்கறிச் சோறு. அடுத்த நாள் விடியப் பங்கு. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிடாயை முன்னமே பார்த்துப் பேசி வைத்திருப்பார்கள். விடியற்காலையில் உரித்து வெட்டி, பனையோலைப் பாயின் மேல் தேக்கிலைகளை வரிசையாகப் பரப்பி, இறைச்சியைக் கூறு கூறாக வைப்பார்கள். அந்தக் கூறு போடுகிற வேலையை எல்லாரிடமும் கொடுக்க மாட்டார்கள். தொடைச் சதையிலும் விலாவிலும் எலும்பிலும் கொழுப்பிலும் ஈரலிலும் எல்லாக் கூறிலும் ஒரே அளவு விழ வேண்டும். எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு கிழவர் இருந்தார். அவர் தராசு தொட்டதில்லை. கண்ணால் பார்த்து, கையால் அள்ளி, ஓரிடத்தில் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டி வைப்பார். வைத்து முடித்தபின் யார் எந்தக் கூறை எடுத்தாலும் குறை சொல்ல முடியாது.

காசு இருந்தவர்கள் கையோடு கொடுப்பார்கள். இல்லாதவர்கள் வெட்டு முடியக் கொடுப்பார்கள், நெல்லாகக் கொடுப்பார்கள், சிலர் ஒரு நாள் வேலையாகக் கொடுப்பார்கள். எங்கள் காணிக்குப் பக்கத்தில் மலையகத்திலிருந்து 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டு, உடுத்த உடுப்போடு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து காடு வெட்டி இருக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை. ஆனால் பங்குக் கூறில் அவர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. அந்த வீட்டு அக்கா மல்லியும் மிளகும் கறுவாவும் வறுத்து இடித்த தூளை ஒரு சிரட்டையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார். அந்தத் தூள் தடவிய தடிக்கு எங்களுக்குள் போட்டி.

எங்கள் வீட்டுக்கு எடுத்த பங்கு குசினிக்கு வந்ததும் பிரிக்கப்படும். எலும்பும் விலாவும் குழம்புக்கு. குடல் சுத்தம் செய்து மத்தியானக் கறிக்கு. பின்தொடைச் சதையும் ஈரலும் கொழுப்பும் தணலுக்கு. அப்பு சதையைப் பாக்களவாக, நாருக்குக் குறுக்கே வெட்டுவார். நாரோடு வெட்டினால் ஆட்டிறைச்சி பல்லுக்கு எடுபடாது. வயது போன கிடாயென்றால் அம்மா பப்பாசிக்காயைத் தோலோடு அரைத்துச் சேர்ப்பார். பப்பாசிப் பால் சதையை இளக்கும். கூட விட்டால் குழைந்து தடியில் நில்லாமல் விழுந்துவிடும். அதனால் அந்த அளவு அம்மாவின் கைக்குத்தான் தெரியும்.

அம்மியில் அரைபட்டது இவ்வளவுதான்: செத்தல் மிளகாய், மிளகு, நற்சீரகம், உள்ளி, இஞ்சி, கொஞ்சம் மஞ்சள். ஆனையிறவுக் கல்லுப்பு. எண்ணெய் விடுவதில்லை. தேசிப்புளியை முன்னமே விட அம்மா சம்மதிக்க மாட்டார். இறைச்சி வெளுத்து மேல் மாவாகிவிடும் என்பார். சுட்டு இறக்கும்போது பிழிவதுதான் முறை. அரைத்த கூட்டைத் தடவி, வாழையிலையால் மூடி, வெயில் சாயும்வரை நிழலில் வைப்பார். அந்த இடைவெளியில் நாங்கள் தடி வெட்டப் போவோம்.

தடி வெட்டுவதற்கும் பாடம் உண்டு. எல்லாப் பச்சைத் தடியிலும் இறைச்சி குத்தக் கூடாது. வேலியில் நிற்கிற அலரியைத் தொடக் கூடாது; அது நஞ்சு. காஞ்சிரையும் நஞ்சு. கடலேரிக் கரையில் நிற்கிற தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண் போகும். அதன் புகையும் ஆகாது. நாவல் கம்பு நல்லது. பாலைக் கன்றுக்கு அருகில் கத்தியோடு போனாலே அப்பு சத்தம் போடுவார். சுண்டுவிரல் பருமனில் நேரான நாவல் கம்பாகப் பார்த்து வெட்டி, பட்டை உரித்து, ஒரு நுனியைச் சீவி, இறைச்சி குத்துமுன் தண்ணீரில் ஊறப் போடுவோம். ஊறினால் தடி எரியாது.

பின்னாளில் சைக்கிள் கம்பி வந்தது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, யூரியா எல்லாம் தடுக்கப்பட்டவை. நெல் மூட்டையும் நோயாளியும் விறகும் பிணமும் சைக்கிளில்தான் போயின. உடைந்த சக்கரங்களில் கம்பிக்குப் பஞ்சமில்லை. அப்பா அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலும் பொச்சும் போட்டு மினுங்கத் தேய்த்து, ஒரு நுனியை வளைத்துப் பிடி செய்து கொடுத்தார். நேராகவும் உறுதியாகவும் இருந்தன. எனக்கென்னவோ நாவல் தடியில் சுட்ட இறைச்சியில் இருந்த மணம் கம்பியில் வரவில்லை.

பொழுது சாய அப்பு வளவின் நடுவில் முழங்கை ஆழத்தில் நீளக் கிடங்கு வெட்டுவார். இரு கரையிலும் கல் அடுக்குவார். கீழே காய்ந்த பன்னாடையும் சிரட்டையும், மேலே பாலை. முதல் சுவாலை ஆளுயரம் எழும்பும். அது அடங்கி, விறகு பிளந்து, தணல் சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் படரும்வரை ஒருவரும் தடியை நீட்டக் கூடாது. பிள்ளைகளுக்குப் பொறுமை எங்கே?

"தம்பி, சுவாலையிலை பிடியாதையடா. வெளியிலை கரியும், உள்ளுக்குப் பச்சையாய் இருக்கும். தணலுக்குப் பொறு" என்பார் அப்பு.

"எவ்வளவு நேரமணை அப்பு?"

"கையை நீட்டிப் பார். பத்து எண்ணுமட்டும் வைச்சிருக்க ஏலுமெண்டால் சூடு காணாது. மூண்டோடை இழுத்தியெண்டால் கூடிப்போச்சு. அஞ்சு, ஆறு எண்ணேக்கை இழுக்க வேணும்."

வெப்பமானி இல்லாத அந்த ஊரில் இதுதான் கணக்கு. இன்றைக்கும் நான் அதையேதான் பார்க்கிறேன்.

கோக்கும் முறை இது: ஒரு துண்டு சதை, ஒரு சிறு துண்டு கொழுப்பு, ஒரு சின்ன வெங்காயம், மறுபடி சதை. கொழுப்பு உருகிச் சதையில் இறங்குவதால் எண்ணெய் தேவைப்படாது. சொட்டுகிற கொழுப்பு தணலில் விழுந்து எழும்புகிற புகைதான் மணம். ஈரலைத் தனித் தடியில் கோப்பார்கள், அது விரைவில் வேகும் என்பதால். குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வில் ஈரலைச் சுற்றிச் சுட்டால் காயாது. அந்த ஈரல் முதலில் பிள்ளைகளுக்கு. எங்களில் ஆருக்காவது மெலிவோ காய்ச்சலோ வந்து போயிருந்தால் அவருக்கு இரண்டு துண்டு.

கத்தரியும் கறிமிளகாயும் தக்காளியும் பூசணித் துண்டும் வேறு தடிகளில், வேறு தணலில். அம்மம்மா சைவம். இறைச்சி சுடுகிற கிடங்கிலிருந்து தள்ளி, காற்று வருகிற பக்கமாக, அவருக்கென்று மூன்று கல் வைத்துத் தனி நெருப்பு. தனித் தடிகள். அந்தத் தடிகளை அன்று விடிய வெட்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, யாரும் தொடாமல் மாட்டுக்கொட்டில் கூரையில் செருகி வைப்பது என்னுடைய பொறுப்பு.

"மேனை, இது என்ரை தடிதானோ?"

"ஓமணை அம்மம்மா. நான்தான் கூரையிலை செருகினனான்."

அவர் நம்புவார். பிறகுதான் வெங்காயமும் கறிமிளகாயும் கோப்பார். கத்தரிக்காயை மட்டும் தடியில் துண்டாக்கிக் கோக்காமல் முழுதாகத் தணலில் புதைப்பார். தோல் கருகி உள்ளே குழைந்ததும் எடுத்து, உரித்து, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் வெட்டிப் போட்டு, தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் விட்டுப் பிசைவார். அந்தச் சம்பலுக்காக இறைச்சித் தணலை விட்டு அம்மம்மாவின் நெருப்புக்கு வருகிற பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு தொடங்குவது அம்மம்மாவின் இலையில்தான். அவர் ஒரு வாய் வைத்த பிறகே இறைச்சித் தடி இறங்கும். ஒரே வளவில் இரண்டு நெருப்பு. எவரும் எவரையும் குறை சொன்னதில்லை.

மற்ற நாட்களில் எங்கள் வீட்டிலும் பெண்கள் கடைசியாகத்தான் சாப்பிட்டார்கள். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு முடித்து, சட்டியில் மிஞ்சியதோடு அடுப்படியில் இருப்பார்கள். சுடுகிற நாளில் மட்டும் அந்த முறை உடையும். நெருப்பு வெளியில், காவல் நிற்பது அப்புவும் மாமாவும். அம்மாவும் சின்னம்மாவும் பாயில் இருப்பார்கள். தடி அவர்கள் கைக்குச் சுடச்சுட வரும். குரக்கன் ரொட்டியைப் பிய்த்து, தடியிலிருந்து இறைச்சியை உருவி, இடிச்ச சம்பலோடு அம்மா ஆறுதலாகச் சாப்பிட்ட முகம் எனக்கு நல்ல ஞாபகம். வருசத்தில் சில நாட்களே அப்படி. அது போதாது என்பது இப்போது விளங்குகிறது.

இருட்டிய பிறகு அப்புவின் கதைகள். அவர் இளந்தாரியாக இருந்தபோது கிடாய் வாங்கிப் பங்கு போடுவதைவிடக் காட்டுக்குள் போவதுதான் வழக்கம். மரை, பன்றி, உக்குளான், முயல், உடும்பு. ஒரு மரை விழுந்தால் ஊருக்கே இறைச்சி. அன்று தின்றது போக மிச்சத்தை நீள நாராகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, கொடியிலும் தடியிலும் போட்டு வெயிலிலும் அடுப்புப் புகையிலும் வற்றவைத்து வத்தலாக்குவார்கள். மழைக்காலத்தில் குளம் வான் பாய்ந்து தெரு அறுந்து போனால் அந்த வத்தல்தான் கறி. ஆனி, ஆடியில் எடுத்த தேனைச் சாடியில் விட்டு, வாட்டிய இறைச்சியை அதற்குள் அமிழ்த்தி வைத்தால் மாதக்கணக்கில் பழுதாகாது. காட்டுப் பன்றியென்றால் உள்ளே சிவப்புத் தெரியாமல் நன்றாக வேகவேண்டும், பூச்சி இருக்கும் என்பதில் அப்பு உறுதியாக இருந்தார். அதில் அவர் சொன்னது முழு உண்மை.

தடியில் கோத்துச் சுடுவது வன்னிக்கு மட்டும் உரியதென்று நான் சொல்லவில்லை. துருக்கியருக்குக் கபாப், யாவா மக்களுக்குச் சாத்தே. தமிழருக்கும் அது பழையது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு இட்ட விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி இருக்கிறது. அது அரசன் வீட்டு விருந்து. எங்களுடையது கடனுக்குப் பங்கு வாங்கியவன் வீட்டு விருந்து. தணல் ஒன்றுதான்.

மானும் மரையும் 1937ஆம் ஆண்டு வந்த வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. அப்புவுக்கு அந்தச் சட்டம் தெரியும். எண்பதுகளில் துவக்குகள் வீடுகளை விட்டுப் போயின. அதற்குப் பிறகு அவர் வேட்டையைக் கதையாக மட்டுமே வைத்திருந்தார். கதை சொல்லி முடிக்கும்போது, "அப்ப காடு பெரிசு, நாங்கள் கொஞ்சப் பேர். இப்ப நாங்கள் கனபேர், காடு சின்னன். இனி ஆடும் கோழியும் போதும்" என்பார். எழுதப்படிக்கக் கொஞ்சமே தெரிந்த மனிதர். காட்டைப் பற்றி அவர் சொன்னதைவிடத் தெளிவாகப் பின்னாளில் எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்கவில்லை.

1995 ஐப்பசி கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்த சனத்தில் அப்பாவின் சகோதரங்களும் இருந்தார்கள். எங்கள் வளவில் கொட்டில்கள் முளைத்தன. யூரியா இல்லாமல் மிளகாய் சோர்ந்தது. மண்ணெண்ணெய் யானை விலை. அந்த வருசங்களிலும் பங்கு நின்றுபோகவில்லை. ஆடு ஒன்றுதான், கூறுகள் கூடின. பங்கு சிறுத்தபடியால் தடியில் சதை குறைந்து, பூசணியும் மரவள்ளித் துண்டும் கூடின. மரவள்ளியை அவித்து, உப்பும் மிளகாயும் தடவி, தடியில் கோத்துச் சுடும் பழக்கம் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் வந்தது. இன்றும் எனக்கு இறைச்சியைவிட அது பிடிக்கும்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. வெளிநாட்டிலிருந்து மாமா வந்தார். கொழும்பில் வாங்கிய இரும்புச் சட்டமும் கரிப்பையும் கொண்டுவந்தார். அப்பு அந்தக் கரியைக் கையில் எடுத்துப் பார்த்து, தூக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பாலை விறகை இழுத்து வந்தார். மாமா சிரித்துக்கொண்டே சட்டத்தைக் கிடங்கின் மேல் வைத்தார். அந்த வருசந்தான் எங்கள் வளவில் ஆகக் கூடிய சனம் இருந்தது. பிரிந்திருந்த சகோதரங்கள் எல்லாரும் ஒரே நெருப்பைச் சுற்றி இருந்த கடைசி முறையும் அதுவே.

2008 கடைசியில் நாங்கள் வெளிக்கிட்டோம். 2009 தை தொடக்கத்தில் கிளிநொச்சியும் ஒட்டுசுட்டானும் இராணுவத்திடம் வீழ்ந்தன. மாட்டை அவிழ்த்துவிட்டோம், ஆட்டையும் கோழியையும் விட்டோம், விறகு அடுக்கையும் விட்டோம். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, பிறகு கடற்கரை. எங்கள் முத்தையன்கட்டின் பேராறு நந்திக்கடலில் போய் விழுகிறது. தண்ணீர் போன வழியிலேயே சனமும் போனது. அங்கே போரின் கடைசி நாட்களில் உப்புப் போட்ட கஞ்சி ஒரு சிரட்டை கிடைத்தவர் பேறு பெற்றவர். அந்தக் கஞ்சியைத்தான் இப்போது ஒவ்வொரு வைகாசியிலும் காய்ச்சி ஊருக்கு ஊர் கொடுக்கிறார்கள். அப்பு அந்த மண்ணில் இருக்கிறார். அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று எங்களால் காட்ட முடியாது.

பிறகு செட்டிகுளத்தில் மெனிக்பாம் முகாம். அரிசியும் பருப்பும் மாவும் நிவாரணம். விறகுக்கு வரிசை. பாலையென்றும் வீரையென்றும் தரம் பிரிக்கிற இடமில்லை அது; எரிவதெல்லாம் விறகு. முகாமிலும் அம்மா தனக்குக் கிடைத்த பருப்பைப் பக்கத்துக் கூடாரத்தில் தனித்துப்போன பெண்ணோடு பங்கிட்டார். வழக்கம் ஆட்டில் இல்லை, கையில் இருந்தது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. காணிக்குள் போக முன்னர் கண்ணிவெடி அகற்றுபவர்கள் போக வேண்டியிருந்தது. வெட்டையாகிவிட்ட இடங்களில் பற்றை வளர்ந்திருந்தது. அவிழ்த்துவிட்ட மாடுகளில் ஒன்றும் திரும்பவில்லை. தெற்கு வேலியோரம் ஒரு பாலை மட்டும் சன்னம் துளைத்த அடியோடு உயிரோடு நின்றது. அது இப்போதும் காய்க்கிறது.

இப்போது கிளிநொச்சி நகரில் விடுதிகள் உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கோழியும் கறிமிளகாயும் குத்திய கம்பிகளை வெள்ளைத் தட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். உருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சுடுகிற பெடியளுக்கு வேலை இருக்கிறது என்பதே மகிழ்ச்சி. கனடாவில் கோடைக்காலத்தில் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களில் பூங்காக்களில் கோழிக்காலும் சோளப்பொத்தியும் வாட்டுகிறார்கள். அந்தப் புகை வந்ததும் கிழவர்கள் எங்கோ பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று மச்சாள் எழுதினாள். எனக்கு அது நன்றாக விளங்குகிறது.

ஆனால் ஒரு விடயம் என்னை வருத்துகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்களில் சிலர் வந்து இறங்கியதும் கேட்பது மரை வத்தல். ஊர் ஞாபகம் அவர்களுக்கு அந்த உருசியில் ஒட்டியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கேட்கிறவர் இருப்பதால் பொறி வைக்கிறவர் இருக்கிறார். போருக்குத் தப்பிய மரையும் மானும் இப்போது கம்பிப் பொறியில் கால் அறுந்து சாகின்றன. காடு முன்னரைவிடச் சுருங்கிவிட்டது. யானை ஊருக்குள் வருகிறது. காட்டில் மிஞ்சியிருப்பதையும் தின்று தீர்த்துவிட்டு வன்னி என்று எதைக் காட்டப்போகிறோம்?

நாங்கள் இழந்தவற்றில் பலவற்றை மீட்க முடியாது. அப்பு வரமாட்டார். அம்மம்மாவின் தனி நெருப்பு வராது. பங்கு போட்ட கிழவரின் கண் அளவு வராது. மீட்கக் கூடியது ஒன்று இருக்கிறது: பங்கு. இன்று எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் கடையில் தனித்தனியாக உறைந்த கோழி வாங்கித் தனித்தனியாகச் சமைக்கிறது. இரண்டு வீடு தள்ளி, போரில் கணவனையும் பிள்ளையையும் கொடுத்த பெண் ஒருத்தி தனக்கு மட்டும் ஒரு சுண்டு அரிசி போடுகிறாள். அவளுடைய வீட்டுக்கு ஒரு கூறு போகாத சுட்ட சாப்பாடு எங்கள் சாப்பாடில்லை.

ஆகையால் வாசிக்கிற உங்களிடம் இதைத்தான் கேட்கிறேன். அடுத்த சித்திரைக்கு ஊருக்கு வருகிறீர்களென்றால் மரை கேட்காதீர்கள், ஒரு கிடாயில் பங்கு எடுங்கள். வசதியிருந்தால் இரண்டு பங்குக்குக் காசு கொடுத்து ஒன்றை இல்லாத வீட்டுக்கு விடுங்கள். பட்ட விறகில் தணல் போடுங்கள், சைவக்காரருக்குத் தனி நெருப்பு வையுங்கள், சமைக்கிற பெண்களை முதலில் இருத்துங்கள். பிள்ளைகளின் கையில் தடியைக் கொடுத்து, தணலுக்குப் பொறுத்திருக்கப் பழக்குங்கள்.